களைச்செடிக்கும் முடிசூட்டு விழா!

கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை முதல் ஷேன் கானலி வரை: லண்டன் வசந்தத்தைப் பூச்சாடிக்குள் கொண்டுவந்தவர்களின் கதை

2023, மே 6. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் மூன்றாம் சார்லஸ் மன்னருக்கு முடிசூட்டு விழா. கிரீடத்தில் எத்தனை வைரம், தங்க ரதத்துக்கு எத்தனை வயது என்று உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. பூத்தொழிலில் இருப்பவர்களின் கண் மட்டும் வேறு எங்கோ இருந்தது. அங்கே இருக்கவேண்டிய ஒரு பொருள் இல்லை. பூக்களைக் குத்தி நிறுத்தும் பச்சை ஃபோம்.

நம் ஊர் ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சைக் கட்டி நன்றாகவே தெரியும். செங்கல் அளவில் இருக்கும். தண்ணீரில் போட்டால் உறிஞ்சிக்கொள்ளும். கத்தியால் வெட்டி, கூடையில் வைத்து, ஜெர்பெராவையும் கார்னேஷனையும் வரிசையாகக் குத்தினால் அரை மணி நேரத்தில் அலங்காரம் தயார். உலகம் முழுக்கப் பூ அலங்காரம் இதன்மேல்தான் நிற்கிறது. இது இல்லாமல் ஒரு முடிசூட்டு விழாவையே நடத்திக் காட்டியவர் ஷேன் கானலி. வட அயர்லாந்தில் வளர்ந்தவர், மனோதத்துவம் படித்தவர், லண்டனில் பல ஆண்டுகளாகப் பூ அலங்காரத் தொழில் செய்பவர்.

அவர் அபேயில் வைத்த பூக்களும் இலைகளும் பிரிட்டனின் நான்கு பகுதிகளிலும் அந்த வாரத்தில் தோட்டத்தில் இருந்தவை. விமானத்தில் வந்த ரோஜா வரிசை அங்கே இல்லை. மே முதல் வாரத்தில் அந்த மண் என்ன தருமோ, அதுதான் மன்னருக்கும்.

இதைச் 'சூழலியல் காலத்துப் புதுமை' என்று பலர் எழுதினார்கள். லண்டனுக்கு இது புதுசு இல்லை. ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை இதைத் தொடங்கிவைத்துவிட்டார். வசந்தம் என்பது கடையில் வாங்கும் சரக்கு என்று நினைத்திருந்த ஒரு நகரத்துக்கு, வேலியோரத்தில் இலவசமாகக் கிடைப்பதும் வசந்தம்தான் என்று காட்டியவர் அவர்.

ஹாக்னி தலைமை ஆசிரியை

கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை 1886-ல் இங்கிலாந்தின் டார்பி நகரில் பிறந்தவர். அப்பா ரயில்வே குமாஸ்தாவாக இருந்து கல்வித்துறைக்குப் போனவர். குடும்பம் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. கான்ஸ்டன்ஸ் அங்கே சுகாதாரமும் செவிலியர் பணியும் படித்தார். காசநோய் பரவியிருந்த கிராமங்களில் முதலுதவியும் வீட்டில் நோயாளியைப் பராமரிக்கும் முறையும் சொல்லிக்கொடுத்தார். முதல் திருமணம் கசந்தது. 1916-ல் சிறு மகனை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து திரும்பி, போர்க்காலத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர் நல அதிகாரியாக வேலை பார்த்தார்.

1921-ல் கிழக்கு லண்டனில் ஹோமர்டன் - தெற்கு ஹாக்னி தொடர்கல்விப் பள்ளியின் தலைமை ஆசிரியையானார். படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போன பதின்வயதுப் பிள்ளைகள், வாரத்தில் சில மணி நேரம் வந்து படித்துப் போகும் பள்ளி அது. ஏழைப்பட்ட பேட்டை. சமையல், தையல் வகுப்புகளோடு, தன் வீட்டிலிருந்து கொண்டுவரும் பூக்களையும் இலைகளையும் எப்படி அடுக்குவது என்றும் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஸ்ப்ரையின் பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் விதை இந்த வகுப்பறைதான். பின்னாளில் பிரபுக்கள் வீட்டு விருந்துகளுக்குப் பூ வைத்தார். இளவரசர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். ஆனால் அவர் முதலில் யோசித்தது, கையில் காசில்லாத ஒரு பெண் தன் ஒற்றை அறை வீட்டில் என்ன வைக்கமுடியும் என்பதைத்தான்.

1920-களின் கடைசியில் இரண்டு வாய்ப்புகள் வந்தன. சினிமா தியேட்டர் முதலாளி சிட்னி பெர்ன்ஸ்டீன் தன் தியேட்டர்களுக்குப் பூ வைக்கச் சொன்னார். ஓல்டு பாண்ட் தெருவில் அட்கின்சன்ஸ் என்ற வாசனைத் திரவியக் கடையின் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கும் வேலையும் கிடைத்தது. லண்டனின் விலை உயர்ந்த கடைத்தெரு அது. அங்கே ஸ்ப்ரை வேலியோரக் கொடிகளையும் காட்டுப்பூக்களையும் கொண்டுபோய் வைத்தார். ஜன்னலுக்கு முன் கூட்டம் கூடியது. கிராமத்தில் கால்நடை மேயும் பாதையில் கிடப்பதை, வாசனைப் புட்டிகளுக்கு நடுவே பார்த்தபோதுதான் லண்டன்வாசிகளுக்கு அதன் அழகு தெரிந்தது.

அன்றைய பூக்கடை வழக்கத்தைத் தெரிந்துகொண்டால்தான் இந்தத் துணிச்சல் புரியும். கார்னேஷன், அதற்குத் துணையாக அஸ்பராகஸ் செடியின் மெல்லிய தழை, ஒவ்வொரு காம்புக்கும் கம்பி சுற்றிய விறைப்பு. எந்தக் கடைக்குப் போனாலும் இதே கொத்துதான். மாதம் ஜனவரியா ஜூனா என்று அந்தக் கொத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. 1929-ல் 'ஃபிளவர் டெக்கரேஷன்ஸ்' என்று தன் முதல் கடையைத் திறந்த ஸ்ப்ரை, அந்த விறைப்பைத்தான் முதலில் உடைத்தார். 1934-ல் கடை மேஃபேர் பகுதியின் சவுத் ஆட்லி தெருவுக்கு மாறியது. அதே ஆண்டு அவருடைய முதல் புத்தகமும் வந்தது. 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் வரைந்த பூச்சாடிகள் அவருக்குப் பாடப்புத்தகம். அந்த ஓவியங்களில் இலையில் ஓட்டை இருக்கும், பூ சரிந்து தொங்கும், பக்கத்தில் பழம் உருண்டு கிடக்கும். ஸ்ப்ரையின் சாடிகளிலும் அந்த உயிர்ப்பு இருந்தது.

மார்க்கெட்டில் வசந்தம்

லண்டன் வசந்தம் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. மேற்குக் கடலோரத்தில் சில்லி தீவுகளும் கார்ன்வாலும் லண்டனைவிட இதமான தட்பவெப்பம் உள்ளவை. அங்கே டாஃபடில் வெகு முன்னதாகவே பூத்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அந்தப் பூ பெட்டி பெட்டியாகக் கப்பலிலும் ரயிலிலும் ஏறி, கோவென்ட் கார்டன் மார்க்கெட்டுக்கு வந்துசேரும். நகரம் இன்னும் கம்பளிக் கோட்டுக்குள் நடுங்கும்போதே மார்க்கெட்டில் மஞ்சள் வந்து குவிந்துவிடும். ஸ்ப்ரையின் ஆட்கள் விடியற்காலையில் அந்த மார்க்கெட்டில்தான் கொள்முதல் செய்தார்கள். பெர்னார்ட் ஷா 'பிக்மேலியன்' நாடகத்தின் பூக்காரப் பெண்ணை நிறுத்தியதும் இதே கோவென்ட் கார்டனில்தான். 1974-ல் மார்க்கெட் தேம்ஸ் நதிக்குத் தெற்கே நைன் எல்ம்ஸுக்கு மாறிவிட்டது. பழைய பூ மார்க்கெட் கட்டடத்தில் இப்போது போக்குவரத்து அருங்காட்சியகம் இயங்குகிறது.

வசந்தத்தின் தொடக்கம் பூ அலங்காரக்காரருக்குச் சோதனையான காலம். பிப்ரவரி, மார்ச்சில் தோட்டத்தில் பூ குறைவு. மார்க்கெட்டில் விலை அதிகம். ஸ்ப்ரைக்குக் கை ஓங்கிய காலம் அதுதான். பூ இல்லையா, கிளையை வை என்றார். பாசி படிந்த கிளை, ஹேசல் மரத்தில் தொங்கும் பூஞ்சரம், புஸ்ஸி வில்லோவின் பூனைரோம மொட்டு எல்லாம் வரவேற்பறைக்குள் வந்தன. சமையலறைப் பக்கமிருந்து கேல் கீரை, சிவப்பு முட்டைக்கோஸ், ருபார்ப் இலை வந்தன. ஊதாவும் சாம்பல் பச்சையுமாகச் சுருண்ட கேல் இலையை ரோஜாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் துணிச்சல் அதுவரை யாருக்கும் வரவில்லை. பூச்சாடி இல்லையே என்று சொன்னவர்களுக்கும் பதில் இருந்தது. குழம்பு ஊற்றும் கிண்ணம், ரொட்டி சுடும் தட்டு, ஜாம் பாட்டில், பறவைக் கூண்டு... தண்ணீரும் தண்டும் நிற்குமென்றால் அது சாடிதான்.

---

லண்டன் வசந்தம்: எப்போது எது?

பிப்ரவரி: ஸ்னோட்ராப், ஹெல்லிபோர், ஹேசல் பூஞ்சரம்.

மார்ச்: டாஃபடில், புஸ்ஸி வில்லோ, தெருவோர மக்னோலியா.

ஏப்ரல்: செர்ரி, ஆப்பிள் மரப் பூக்கள், டியூலிப். மாதக் கடைசியில் பழைய வீடுகளின் முகப்பில் விஸ்டீரியாக் கொடி.

மே: லைலாக், லில்லி ஆஃப் தி வேலி, சாலையோரம் எங்கும் கவ் பார்ஸ்லி என்ற வெள்ளைக் களைப்பூ. மாதம் முடிவதற்குள் பியோனி.

ஜூன் தொடக்கம்: ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பழைய ரக ரோஜாக்கள்.

---

கோழி வலை ரகசியம்

பூ எப்படி நிற்கிறது? ஸ்ப்ரையின் பட்டறையில் விடை ரொம்ப எளிது. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலை. அகலக் கண் உள்ள வலையில் ஒரு துண்டை வெட்டி, கையால் கசக்கி, உருண்டையாக்கிச் சாடிக்குள் அழுத்தவேண்டும். உள்ளே மூன்று நான்கு அடுக்குகளாகக் கண்கள் மாறி மாறி நிற்கும். காம்பை ஒரு கண்ணில் விட்டால் அடுத்த அடுக்கு பிடித்துக்கொள்ளும். நேராகவும் நிற்கும், படுத்த மாதிரி சாய்ந்தும் நிற்கும். ஆப்பிள் கிளை சாடியின் விளிம்பைத் தாண்டித் தரையை நோக்கி வளைய வேண்டுமானால், வலை இருந்தால்தான் முடியும். வேலை முடிந்ததும் வலையைக் கழுவிக் காயவைத்து, அடுத்த வாரம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

வலை போட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ஒவ்வொரு வசந்தப் பூவுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. லைலாக் மரக்காம்பு தண்ணீரை லேசில் உறிஞ்சாது. அடிநுனியை நீளவாக்கில் பிளந்து, இலைகளை எல்லாம் உருவிவிட வேண்டும். விட்டால் வரும் தண்ணீரையெல்லாம் இலையே குடித்துவிடும். ஹெல்லிபோர் வெட்டிய சற்று நேரத்தில் தலையைத் தொங்கப்போடும். காம்பின் நுனியைச் சில விநாடி கொதிநீரில் காட்டிவிட்டு, ஆழமான குளிர்ந்த நீரில் நிறுத்தினால் நிமிரும். டாஃபடில் காம்பிலிருந்து கொழகொழவென்று ஒரு சாறு வழியும். அதே தண்ணீரில் டியூலிப்பை வைத்தால் டியூலிப் சீக்கிரம் வாடிவிடும். அதனால் டாஃபடிலைச் சில மணி நேரம் தனி வாளியில் நிறுத்திவிட்டுத்தான் மற்ற பூக்களோடு சேர்ப்பார்கள்.

டியூலிப்பின் சேட்டையே தனி. வெட்டிச் சாடியில் வைத்த பிறகும் அது வளரும். காலையில் வைத்த டியூலிப் மறுநாள் ஓர் அங்குலம் உயர்ந்து, வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும். கம்பி சுற்றி இதை அடக்குவது பழைய கடைக்காரர் வழி. நாளைக்கு அது எங்கே திரும்பும் என்று கணக்குப்போட்டு இன்றைக்கே இடம் விட்டு வைப்பது ஸ்ப்ரை காட்டிய வழி.

கல்யாணம், போர், கோழிக்கறி

1937 ஜூன் 3-ல் ஸ்ப்ரை பிரான்ஸில் இருந்தார். காதலுக்காக மகுடத்தைத் துறந்த எட்டாம் எட்வர்ட், டூர்ஸ் நகருக்கு அருகில் கான்டே மாளிகையில் வாலிஸ் சிம்ப்சனை மணந்த நாள் அது. அரச குடும்பத்திலிருந்து ஒருவர்கூட வராத கல்யாணம். பிரிட்டிஷ் மேல்தட்டே விலகி நின்றபோது, ஸ்ப்ரை தன் உதவியாளரோடு போய் மாளிகை முழுக்கப் பூ வைத்தார். அவருடைய பழைய வாடிக்கையாளர்கள் அவர்கள். வேறு யார் முகம் சுளித்தாலும், தன் வாடிக்கையாளர் கல்யாணத்துக்குப் பூ போகவேண்டும் என்று அவர் நினைத்தார்.

இரண்டு ஆண்டுகளில் போர் வந்தது. பூ வயல்களில் காய்கறி போடச்சொல்லி அரசு உத்தரவு. ரயிலில் பூ அனுப்பத் தடை விழுந்த காலமும் உண்டு. ஸ்ப்ரை ஊர் ஊராகப் போய், கொல்லையில் காய்கறி வளர்ப்பது பற்றியும் அதைச் சமைப்பது பற்றியும் பெண்களுக்குப் பேசினார். 1942-ல் தோட்டத்தையும் அடுப்படியையும் சேர்த்து ஒரு புத்தகம் எழுதினார். கேல் இலையைச் சாடியில் வைத்தவர் இப்போது சட்டியில் வைக்கச் சொன்னார்.

போர் முடிந்ததும் சமையல் நிபுணர் ரோஸ்மேரி ஹியூமோடு சேர்ந்து பள்ளி நடத்தினார். 1946-ல் வின்ஸர் அருகே விங்க்ஃபீல்டு பிளேஸ் என்ற மாளிகையில் மனையியல் பள்ளி தொடங்கியது. 1953-ல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் ஊர்வலப் பாதையிலும் பூ அலங்கார ஆலோசகர் ஸ்ப்ரைதான். காமன்வெல்த் நாடுகளிலிருந்து விமானத்தில் பூக்கள் வந்து குவிந்தன. வேலியோரப் பூக்காரி, அரசு வேலை என்று வந்ததும் கண்டம்விட்டுக் கண்டம் வந்த பூக்களைக் கையாளவேண்டியிருந்தது ஒரு முரண்தான்.

அன்று வெளிநாட்டு விருந்தினர்களுக்கு மதிய உணவு சமைத்துப் பரிமாறியதும் இவருடைய பள்ளி மாணவிகள். ரோஸ்மேரி ஹியூம் அதற்காகச் செய்த ஒரு பதார்த்தம் இன்றுவரை பிரிட்டிஷ் சாண்ட்விச் கடைகளில் விற்கிறது. 'காரனேஷன் சிக்கன்'. வேகவைத்து ஆறிய கோழிக்கு மயோனைஸ், கிரீம், ஆப்ரிகாட் கூழ், அதோடு நம் ஊர்ச் சமையலை நினைத்து வெள்ளைக்காரர்கள் கலந்து வைத்த கறிப்பொடி. ஸ்ப்ரையைப் பூவுக்காக நினைவு வைத்திருப்பவர்களைவிட, இந்தக் கோழிக்காக நினைவு வைத்திருப்பவர்களே அங்கே அதிகம்.

பச்சைக் கட்டியின் வருகை

முடிசூட்டு விழா முடிந்த மறு ஆண்டு, 1954-ல், அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் வெர்னான் ஸ்மிதர்ஸ் என்பவர் தண்ணீர் உறிஞ்சும் ஃபோம் கட்டியைக் கண்டுபிடித்தார். 'ஓயாசிஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பூக்காரர்களுக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது போல. வலை கசக்க வேண்டாம், காம்பின் குணம் தெரியவேண்டாம், எந்தக் கோணத்தில் குத்தினாலும் நிற்கும், வண்டியில் ஏற்றினாலும் சாயாது. கோழி வலை ஓரங்கட்டப்பட்டது.

ஃபோம் வந்ததும் அலங்காரத்தின் உருவமே மாறியது. முக்கோணம், வட்டம், அரைவட்டம் என்று வடிவக் கணிதம் போட்டுப் பூக்களை நிறுத்தினார்கள். அதற்கு ஒரே உயரம், ஒரே தடிமன், வளையாத காம்பு தேவை. அப்படிப்பட்ட பூ தோட்டத்தில் கிடைக்காது. பசுமைக்குடிலில் வளர்த்தால் கிடைக்கும். நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் ஏலக்கூடம், கென்யாவின் ரோஜாப் பண்ணைகள் என்று பிரிட்டனின் பூ வியாபாரம் கடல் கடந்தது. இன்று அங்கே விற்கும் கொய்மலர்களில் பெரும்பகுதி இறக்குமதி. பிப்ரவரி 14-க்கு நம் ஓசூர் வட்டாரத்திலிருந்து 'தாஜ்மஹால்' ரகச் சிவப்பு ரோஜா ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுவதும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான். தளியிலும் பாகலூரிலும் பல குடும்பங்களின் அடுப்பு அதில் எரிகிறது என்பதையும் மறந்துவிட்டுப் பேசமுடியாது.

கட்டியின் மறுபக்கம் மெல்லத்தான் தெரிந்தது. அது ஒருவகைப் பிளாஸ்டிக். ஒருமுறை குத்தினால் மறுபடி பயன்படாது. கையால் அழுத்தினால் தூளாகும்; தூள் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல், இந்தத் துகள்களை நீர்வாழ் உயிரினங்கள் தின்பதையும், அதிலிருந்து கசியும் ரசாயனம் அவற்றைப் பாதிப்பதையும் காட்டினார்கள். செல்சி மலர்க் கண்காட்சியை நடத்தும் ராயல் தோட்டக்கலைச் சங்கம், 2021 முதல் தன் கண்காட்சிகளில் ஃபோமுக்குத் தடை போட்டது. பந்து மறுபடி கோழி வலையின் பக்கம் வந்தது.

இது டிசைனா, வெறும் அலங்காரமா?

நடுவில் ஒரு சண்டையும் நடந்தது. 2004-ல் லண்டன் டிசைன் மியூசியம் ஸ்ப்ரையின் வாழ்க்கையை வைத்து ஒரு கண்காட்சி போட்டது. வேக்குவம் கிளீனர் புகழ் ஜேம்ஸ் டைசன் அப்போது மியூசியத்தின் தலைவர். தொழில்நுட்பத்தையும் பொறியியலையும் காட்டவேண்டிய இடம் வெறும் அலங்காரத்தைக் கொண்டாடுகிறது என்று கோபித்துக்கொண்டு பதவி விலகினார். மியூசியத்தைத் தோற்றுவித்த டெரன்ஸ் கான்ரனுக்கும் அந்தக் கண்காட்சி பிடிக்கவில்லை.

டைசன் கேட்ட கேள்வி அலட்சியப்படுத்தக்கூடியது இல்லை. ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று யோசித்துத் தீர்வு காண்பதுதான் டிசைன் என்பது அவருடைய கட்சி. அந்த அளவுகோலை அப்படியே ஸ்ப்ரைக்கு வைத்துப் பார்க்கலாம். காம்பு எப்படி நீர் குடிக்கும், கிளையின் எடை எங்கே விழும், அந்தப் பாரத்தை எது தாங்கும், நாளைக்குப் பூ எந்தப் பக்கம் நகரும்... இத்தனைக்கும் விடை கண்டுபிடித்து, அந்த விடையை மலிவான ஒரு கம்பி வலைக்குள் அடக்கியவர் அவர். மறுபடி மறுபடி பயன்படும், குப்பை சேராத தீர்வு. இதைச் செய்தவர் ஒரு பெண், பொருள் ஒரு பூச்சாடி என்பதால்தான் அது பொறியியலாகப் பலருக்குத் தெரியவில்லையோ என்ற சந்தேகம் நியாயமானதே.

அபேயில் நின்ற மரங்கள்

ஷேன் கானலி 2005 ஏப்ரலில் சார்லஸ் - கமிலா திருமணத்துக்குப் பூ வைத்தவர். உலகம் அவரைக் கவனித்தது 2011 ஏப்ரல் 29-ல், வில்லியம் - கேத்தரின் திருமணத்தில். அபேயின் நீண்ட நடைபாதையில் இருபுறமும் ஏறத்தாழ 20 அடி உயர மரங்களை நிறுத்தினார். ஆறு ஃபீல்டு மேப்பிள், இரண்டு ஹார்ன்பீம். வெட்டிய கிளைகள் இல்லை. தொட்டியில் வேரோடு இருந்த மரங்கள். வசந்தத்தின் இளம் துளிர் அப்போதுதான் விட்டிருந்தது. 700 ஆண்டுக் கல் தூண்களுக்கு நடுவே அந்த இளம்பச்சை நின்றபோது, பெருநகர நடுவே ஒரு கிராமத்துச் சாலை ஓடுவது போலிருந்தது. திருமணம் முடிந்ததும் மரங்கள் சார்லஸின் தோட்டங்களுக்குப் போய் மண்ணில் வேரூன்றின.

அபேயின் மற்ற பூக்களில் பெரும்பாலானவை வின்ஸர் கிரேட் பார்க் தோட்டங்களிலிருந்து வந்தன: அசேலியா, ரோடோடென்ட்ரான், லைலாக், விஸ்டீரியா, பீச் மரத் தழை. மணப்பெண்ணின் கையில் சிறு கொத்துதான். லில்லி ஆஃப் தி வேலி, ஹயசிந்த், ஐவி இலை, மாப்பிள்ளையின் பெயரைத் தாங்கிய ஸ்வீட் வில்லியம், ராணி விக்டோரியா 1845-ல் நட்ட செடியின் வழிவந்த மிர்ட்டில் தளிர். ஏப்ரல் கடைசி என்ற தேதிதான் கிட்டத்தட்ட எல்லாப் பூவையும் தேர்வு செய்தது.

2021-ல் வெஸ்ட்மின்ஸ்டருக்கு எதிர்க்கரையில், லாம்பெத்தில் பழைய தேவாலயம் ஒன்றில் இயங்கும் கார்டன் மியூசியம், ஸ்ப்ரையைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. அதைத் தொகுத்தவர் கானலிதான். யாரிடமிருந்து கற்றுக்கொண்டோம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்ன இடம் அது. இரண்டு ஆண்டுகளில் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழா. 'ஃபிளவர்ஸ் ஃப்ரம் தி ஃபார்ம்' என்ற சிறு பூ விவசாயிகள் கூட்டமைப்பு, நாடு முழுவதுமிருந்து பூ அனுப்பியது. 2011-ல் தொடங்கிய அமைப்பு அது. விழா முடிந்ததும் பூக்கள் குப்பைக்குப் போகவில்லை. 'ஃப்ளோரல் ஏஞ்சல்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் அவற்றைப் பிரித்துச் சிறு கொத்துகளாகக் கட்டி, முதியோர் இல்லங்களுக்கும் மரணத்தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் இல்லங்களுக்கும் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு முன்கூட்டியே செய்யப்பட்டிருந்தது. ஃபோமில் குத்திய பூவாக இருந்தால் பிடுங்கும்போதே பாதி பாழாகியிருக்கும். வலையிலும் தண்ணீரிலும் நின்ற பூவுக்கு இன்னொரு பயணம் போக உயிர் இருந்தது.

யாருக்குக் கட்டுப்படியாகும்?

அரண்மனைக்குச் சரி, சாதாரண லண்டன்வாசிக்கு? சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் கென்ய ரோஜாக் கொத்தைவிட, பக்கத்து மாவட்டத்தில் விளைந்த வசந்தப் பூக் கொத்து பல நேரங்களில் விலை கூடுதல். சிறு தோட்டம், கையால் வெட்டும் கூலி, மழையில் போகும் பாதி. ஸ்ப்ரை காலத்தில் காசில்லாதவர்களின் வழியாக இருந்த 'சீசன் பூ' இன்று ஓரளவு வசதியானவர்களின் ரசனையாகிவிட்டது. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது.

ஸ்ப்ரையின் பாடத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. உள்ளூர்ப் பூ என்பது ஒரு பாதி. இன்னொரு பாதி, குறைவாக வைப்பது. ஒரு கிளை, நான்கு இலை, ஒரு பூ. ஹாக்னியில் படித்த பெண்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது கொள்முதல் இல்லை, பார்வை. நூறு ரோஜா வைக்கவேண்டிய இடத்தில் துளிர்விட்ட ஒரே கிளை போதும் என்று தெரிந்தவருக்கு, அந்தக் கிளையின் விலை ஒரு பொருட்டில்லை. மேடை முழுக்க மூடவேண்டும், ஒரு அங்குலம்கூடத் துணி தெரியக்கூடாது என்று கேட்பவருக்குத்தான் வசந்தப் பூ கட்டுப்படியாகாது. சென்னை மண்டபங்களில் மேடை போடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மதுரை மல்லி விலை தை மாதக் குளிரில் ஆயிரக்கணக்கில் ஏறி, பங்குனி வெயிலில் சரிவதைப் பார்ப்பவர்கள் நாம். பூவுக்குப் பருவம் உண்டு என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முகூர்த்தத் தேதி குறிக்கும்போது அதை யாரும் கேட்பதில்லை.

ஸ்ப்ரை 1960 ஜனவரியில் விங்க்ஃபீல்டு மாளிகையின் படிக்கட்டில் விழுந்து இறந்தார். மறைந்துகொண்டிருந்த பழைய ரோஜா ரகங்களைத் தேடித்தேடி வளர்த்தவர் அவர். மறு ஆண்டு டேவிட் ஆஸ்டின் என்ற இளம் விவசாயி, தான் உருவாக்கிய முதல் ரோஜா ரகத்துக்கு 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' என்று பெயர் வைத்தார். கிண்ணம் போல் குவிந்த பெரிய இளஞ்சிவப்புப் பூ. ஆளை மறைக்கும் உயரம். ஒரே குறை, கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள் பூத்தால் அவ்வளவுதான். அந்த ஆண்டுக்கு வேறு பூ கிடையாது. திரும்பத் திரும்பப் பூக்கும் ரோஜாதான் சந்தையில் விலைபோகும் என்று தெரிந்து, ஆஸ்டின் அதன்பிறகு அப்படிப்பட்ட ரகங்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கி உலகப் புகழ் பெற்றார். முதல் ரகத்தை மட்டும் யாரும் கைவிடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும் என்று தெளிவாகச் சொல்லியே நர்சரிகள் இன்றும் அதை விற்கின்றன. தெரிந்தேதான் வாங்குகிறார்கள்.